சர்நேம் கட்டம்

ராத்திரி இரண்டு மணிக்கு மேல்
யாரையும் கேட்காமல்
பிரௌசர் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது.

காலையில் ஷட்டரைத் தூக்கும்போது
தொண்ணூறடி ரோட்டை மறித்துத் தண்ணீர் டேங்கர்.
கடைக்குள் எல்லாம் நேற்று வைத்தபடியே:
லேமினேஷன் மெஷினில் சுட்ட பிளாஸ்டிக் வாடை,
வெட்டி மிஞ்சிய போட்டோ ஓரங்கள்,
ஆணியில் எபநேசர் ஆன்லைன் ரசீதுப் புத்தகம்.
திரையின் வலது மூலையில் மட்டும்
ஒரு பச்சைப் பொத்தான்
சாம்பலாகியிருந்தது.

அம்பை மேலே கொண்டுபோனால் ஒரே வரி:
இந்த நீட்டிப்பு இந்தப் பதிப்போடு ஒத்துப்போகாது.

நீக்கிவிடவில்லை.
பட்டியலில் பெயர் இருக்கிறது,
அது சேர்த்து வைத்ததெல்லாம் இருக்கிறது.
ஓடக் கூடாது, அவ்வளவுதான்.

எழுதியவன் ஜெபசிங்.
மூன்று வருஷத்துக்கு முன்னால், சயான் தண்டவாளம் மூழ்கிய அன்று
வீட்டுக்குப் போக வழியில்லாமல்
இந்த ஸ்டூலில் உட்கார்ந்து தட்டினான்.
நம் ஜனத்துக்கு சர்நேம் கிடையாது,
படிவத்துக்கு அது இல்லாமல் விடியாது.
எஸ். முத்துப்பேச்சி என்று இருந்தால்
அந்த எஸ் யாரென்று பழைய பதிவில் தேடி
அப்பனையோ புருஷனையோ இழுத்து வந்து
மூன்றாவது கட்டத்தில் விரித்துப் போடும்
அவன் பொத்தான்.
இப்போது டப்ளினில் இருக்கிறான்.
மெசேஜ் போட்டேன்.
ஒற்றை டிக்.

வரிசையில் பதினோரு பேர்.
கையாலேயே அடிக்கத் தொடங்கினேன்.
எஸ்ஸுன்னா?
சுடலையாண்டி.
டீன்னா?
தங்கக்கண்.
ஒருவர் எழுத்துக்கூட்டிச் சொன்னார்.
ஒருவர் அப்பன் செத்த வருஷத்தையும் சேர்த்துச் சொன்னார்.
ஒரு பையன் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்.

ஆறாவது, எம். சந்தனமாரி.
ஆஸ்பத்திரி உதவியாளர் பயிற்சிக்கு விண்ணப்பம்.
எம்முன்னா?
பதில் இல்லை.
எம்முன்னா யாருக்கா?
"இதுக்கு முன்னால நீ கேட்டதே இல்லையே."

கேட்டதில்லைதான்.
பொத்தான் கேட்காது.
கேஸ் இணைப்பு, பிள்ளையின் ஸ்கூல் பாரம், பேங்க் கணக்கு,
எல்லாவற்றிலும் அவள் வாலில் ஒருத்தனைக் கட்டி
நான்தான் அனுப்பியிருக்கிறேன்,
ஒன்றுக்கு இருபது ரூபாய் வாங்கிக்கொண்டு.

"அவன் பேரு வேண்டாம்."

வெறுமையாக விட்டேன்.
சிவப்பு நட்சத்திரம் விடவில்லை.
புள்ளி வைத்தேன்.
எழுத்து மட்டுமே என்றது.
பின்னால் நின்ற ஷிரோட்கர் எட்டிப் பார்த்து
எங்க ஊர் ஷிரோடா, அதான் ஷிரோட்கர்,
இவங்க ஊர் எது, அதைப் போடு என்றார் இந்தியில்.
அவள் யோசிக்கவே இல்லை.
செருப்புக் காலால் தரையைத் தட்டினாள்.

தாராவிகர் என்று அடித்தேன்.
வரிசை மொத்தமும் சிரித்தது.
அவளும் சிரித்தாள், கொஞ்சம் பிந்தி.
கட்டம் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டது.

மத்தியானம் கூட்டம் கலைந்த பின்
ஜெபசிங்கின் ஃபோல்டரைத் திறந்தேன்.
எனக்குக் கோடிங் தெரியாது. எண் தெரியும்.
ஒரு வரியில் எழுதி வைத்திருந்தான்:
அதிகபட்சப் பதிப்பு 114.
அதற்கு மேல் என்ன வருமோ,
தெரியாததற்கு அவன் வாக்குக் கொடுக்கவில்லை.
பிரௌசர் அவன் பேச்சை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறது.
114ஐ அழித்து 999 போட்டேன்.
பச்சை வந்தது.

முழுசாக வரவில்லை.
புது விதியாம், ஒவ்வொரு பக்கத்திலும்
முதலில் ஒரு சின்னப் பெட்டி எழும்பிக் கேட்கிறது:
இங்கே படிக்கவும் எழுதவும் அனுமதிக்கிறீர்களா?
வரிசை நீளும்போது எரிச்சல்தான்.
ஆனாலும் அனுமதி என்பதை அழுத்துமுன்
தலையைத் தூக்கிவிடுகிறேன் இப்போதெல்லாம்.
சொல்லுங்க, யார் பேரைப் போட?

சாயங்காலம் பிரிண்ட் வாங்க வந்த சந்தனமாரி
விளக்கடியில் பிடித்து மெதுவாகப் படித்தாள்.
ஆங்கிலத்தில் ஒரு ஹெச் விட்டுப்போச்சு என்றாள்.
திருத்திக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை.

பதினொரு மணிக்கு டப்ளினிலிருந்து பதில்:
அது இன்னுமாடே ஓடுது?

ஓடுது,
கேட்டுக் கேட்டு.